ஃபுல் த்ரஸ்ட்: கப்பலைக் கட்டுவது, ஓட்டுவது, பெயர் வைப்பது

ஃபுல் த்ரஸ்ட் என்பது சின்னக் கப்பல் உருவங்களை மேசையில் நகர்த்தி ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டு. அதில் பெயர் வைப்பதைப் பலரும் கடைசி வேலையாகத் தள்ளிவிடுகிறார்கள். உருவத்துக்கு வண்ணம் அடித்து, தாங்கியில் ஒட்டி, எல்லாம் காய்ந்த பிறகு ஏதோ ஒரு பெயர். இந்த விளையாட்டுக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கப்பலுக்கும் எதிராளி பார்க்காமல் ஆணை எழுத வேண்டும். பிறகு எந்தக் கப்பல் எந்தக் கப்பலைச் சுடுகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். சேதத்தை அந்தந்தக் கப்பலின் தாளில் குறிக்க வேண்டும். மூன்று இடத்திலும் கைக்குக் கிடைக்கும் ஒரே பிடி பெயர்தான். பெயர் ஒன்று தவறாகக் காதில் விழுந்தால், அடி வேறு கப்பலின் தாளில் ஏறிவிடும். அது தெரியவரும்போது இரண்டு சுற்று ஓடியிருக்கும், திருத்த வழியிருக்காது.

அதனால் விதியையும் பெயரையும் இங்கே சேர்த்தே பார்ப்போம்.

பிரிட்டனின் கிரவுண்ட் சீரோ கேம்ஸ் வெளியிட்ட விதித்தொகுதி இது. இரண்டாம் பதிப்பு 1992-இல் வந்தது. கப்பல் வடிவமைப்பை அடியோடு மாற்றிய முதல் ஃப்ளீட் புக் 1998-இல் வந்தது. வெளியீட்டாளரே பிடிஎஃப் வடிவில் இலவசமாகத் தருகிறார். கீழே உள்ள கணக்கெல்லாம் ஃப்ளீட் புக் முறைப்படி. எந்த நிறுவனத்தின் உருவங்களையும் பயன்படுத்தலாம். 3டி பிரின்டரில் எடுத்ததும் போதும், அட்டையில் வெட்டியதும் போதும்.

தூரத்தை எல்லாம் 'அலகு' என்று சொல்கிறோம். பெரிய மேசை இருந்தால் ஓர் அலகு ஓர் அங்குலம். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என்றால் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர். 150-க்கு 90 சென்டிமீட்டர் மேசையை அங்குலத்தில் ஆடினால் மூன்றாவது சுற்றிலேயே கப்பல்கள் விளிம்பைத் தாண்டிவிடும். சென்டிமீட்டரில் ஆடினால் தாராளமாக இடம் இருக்கும். பாதி ஆட்டத்தில் அலகை மாற்றாதீர்கள்.

ஒரு குரூசர், கணக்கோடு

வடிவமைப்பு முழுக்க 'மாஸ்' (நிறை) என்ற ஒரே எண்ணிலிருந்து பிறக்கிறது. 60 மாஸ் குரூசர் (நடுத்தரப் போர்க்கப்பல்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹல் (கப்பலின் உடல்) சராசரி வலிமை என்றால் மாஸில் 30 சதவீதம்: 18 கட்டம். எஞ்சின் ஒரு த்ரஸ்டுக்கு (உந்துவிசைக்கு) 5 சதவீதம்; த்ரஸ்ட் 4 வேண்டுமென்றால் 12 மாஸ். ஒளிவேகத்தைத் தாண்டும் எஃப்டிஎல் எஞ்சினுக்கு 10 சதவீதம்: 6 மாஸ். ஆக 36 போய்விட்டது. மிச்சம் 24-இல்தான் சண்டைக்கான எல்லாமே அடங்க வேண்டும்.

அந்த 24-ஐ இப்படிப் பிரிக்கலாம்: இலக்கைக் குறிவைக்கும் ஃபயர்கான் இரண்டு (2 மாஸ்), பக்கத்தில் வரும் ஃபைட்டரையும் (சிறு போர்க்கலத்தையும்) ஏவுகணையையும் சுடும் பிடிஎஸ் இரண்டு (2), பீமைத் தடுக்கும் முதல்நிலை ஸ்க்ரீன் (60-இல் 5 சதவீதம், அதாவது 3), கவசம் நான்கு கட்டம் (4), மூன்று ஆர்க்கில் (சுடும் கோணத்தில்) சுடும் கதிர் ஆயுதமான பீம்-3 ஒன்று (6), ஆறு ஆர்க்கிலும் சுடும் பீம்-2 இரண்டு (6), பீம்-1 ஒன்று (1). கூட்டினால் சரியாக 24.

புள்ளிக் கணக்கு, அதாவது கப்பலின் விலை: வெறும் மாஸுக்கே 60. ஹல் 36, எஞ்சின் 24, எஃப்டிஎல் 12, இவை மூன்றும் மாஸுக்கு இரண்டு மடங்கு. ஃபயர்கான் ஒன்று 4 வீதம் 8, பிடிஎஸ் ஒன்று 3 வீதம் 6, ஸ்க்ரீன் 9, கவசம் 8, பீம் எல்லாம் மாஸுக்கு மூன்று மடங்கு வீதம் 39. மொத்தம் 202. இப்படி மூன்று கப்பல் இருந்தால் ஏறக்குறைய 600 புள்ளி. முதல் ஆட்டத்துக்கு அதுவே போதும். பத்துக் கப்பலோடு தொடங்கும் குழு பெரும்பாலும் ஆட்டத்தை முடிப்பதில்லை.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் ஃபயர்கானில்தான். ஒரு ஃபயர்கான் ஒரு சுற்றில் ஓர் இலக்கைத்தான் குறிவைக்கும். ஒன்றே ஒன்று வைத்து, அது முதல் பழுதுச் சோதனையிலேயே போய்விட்டால், எல்லாப் பீமும் முழுசாக இருந்தும் கப்பல் சுட முடியாது. குரூசர் அளவுக்கு இரண்டு வையுங்கள். அதற்காக ஒரு கட்டம் கவசம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஹல் கட்டங்களை நான்கு வரிசையாகத் தாளில் வரையுங்கள். சமமாகப் பிரியாவிட்டால் மிச்சம் மேல்வரிசைக்குப் போகும்: 18 என்றால் 5, 5, 4, 4. கவசம் தனி வரிசையாக அதற்கு மேலே. ஒவ்வொரு 20 மாஸுக்கும் ஒரு பழுதுபார்ப்புக் குழு. நம் குரூசருக்கு மூன்று.

ஆணையும் ஓட்டமும்

விண்வெளியில் உராய்வு இல்லை. எஞ்சினை அணைத்தாலும் வேகம் குறையாது. 12-இல் போகும் கப்பல், நீங்கள் எதுவும் எழுதாவிட்டால், அடுத்த சுற்றிலும் 12-இலேயே போகும். த்ரஸ்ட் 4 உள்ள கப்பலை 12-இலிருந்து நிறுத்த மூன்று முழுச் சுற்று வேண்டும்.

திசை கடிகாரத்தின் 12 மணிக்குறிகள் போல. ஒரு புள்ளி 30 பாகை. ஒரு த்ரஸ்ட் செலவழித்தால் வேகத்தில் 1 கூட்டலாம் அல்லது குறைக்கலாம், இல்லையேல் திசையை ஒரு புள்ளி திருப்பலாம். திரும்புவதற்குப் பாதி த்ரஸ்ட்தான் அனுமதி: த்ரஸ்ட் 4 என்றால் அதிகபட்சம் 2 புள்ளி.

திரும்பும் முறையைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் அதிகச் சச்சரவு இங்கேதான். திருப்பத்தில் பாதியைத் தொடக்கத்தில் செய்யுங்கள். ஒற்றைப்படை எண் என்றால் சிறிய பாதி முதலில். புது வேகத்தில் பாதித் தூரம் நகருங்கள். மீதித் திருப்பம். மீதித் தூரம். 10-இல் போகும் நம் குரூசருக்கு 'இ2 +2' என்று எழுதியிருந்தால்: இடப்பக்கம் ஒரு புள்ளி, 6 அலகு நேராக, மறுபடி இடப்பக்கம் ஒரு புள்ளி, இன்னும் 6 அலகு. ஒரே ஒரு புள்ளி திரும்பினால் அது முழுக்க நடுவில்தான் வரும்.

ஆணைக்கு இ, வ என்ற இரண்டு எழுத்தே போதும்: இடம், வலம். கப்பல் உங்களைப் பார்த்து வரும்போதுதான் கை தடுமாறும், ஏனென்றால் இடம் என்பது கப்பலின் இடம், உங்கள் இடம் அல்ல. மாலுமியாக அந்தக் கப்பலுக்குள் நின்று மூக்கைப் பார்த்து எழுதுங்கள். தாளில் ஐந்து பத்தி போதும்: பெயர், தொடக்க வேகம், ஆணை, முடிவு வேகம், முடிவுத் திசை. முடிவு வேகத்தை நகர்த்தியவுடனே எழுதுங்கள். அடுத்த சுற்றில் 'இது 8-இல் போச்சா 10-இல் போச்சா' என்று கேட்க ஆரம்பித்தால் ஆட்டம் நின்றுவிடும். செய்ய முடியாத ஆணை எழுதியிருந்தால் என்ன செய்வது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள்.

தாங்கிக்கு அறுகோண அடித்தட்டு கிடைத்தால் விடாதீர்கள். ஆறு முனை, ஆறு பக்க நடு: ஆகப் பன்னிரண்டு திசை, ஒவ்வொன்றும் 30 பாகை. பாகைமானியே வேண்டாம். ஒட்டும்போது கப்பலின் மூக்கு ஒரு பக்கத்தின் நடுவை நோக்க வேண்டும், முனையை அல்ல. சுடும் ஆர்க் ஆறும் தலா 60 பாகை. முன் ஆர்க் 11 மணியிலிருந்து 1 மணி வரை. மூக்கு பக்க நடுவை நோக்கினால் ஆறு முனைகளும் ஆர்க் எல்லைகளாகவே அமைந்துவிடும். மூக்கை முனைக்கு நேராக ஒட்டியவர்கள் ஒவ்வொரு முறையும் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். தூரத்தையும் எப்போதும் தாங்கிக் கம்பியிலிருந்தே அளங்கள். உருவத்தின் மூக்கிலிருந்து அளந்தால் நீளமான உருவம் வைத்திருப்பவருக்கு இலவசமாக இரண்டு அலகு கிடைக்கும்.

சுடுவது

எல்லாக் கப்பலும் நகர்ந்து, ஃபைட்டரும் ஏவுகணையும் தாக்கி முடிந்த பிறகு பீம்களின் முறை. முன்னுரிமைப் பகடையில் வென்றவர் தன் கப்பல் ஒன்றால் சுடுவார், அடுத்து எதிராளி ஒன்று, இப்படி மாறி மாறி. சேதம் உடனே விழும். இன்னும் சுடாத கப்பல் அடிபட்டு ஆயுதத்தை இழந்தால், இழந்ததுதான்.

பீமுக்கு 12 அலகு ஒரு வளையம். பீம்-3 முதல் வளையத்தில் 3 பகடை, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. பீம்-2-க்கு 2, 1. பீம்-1-க்கு 12 அலகுக்குள் ஒரே ஒரு பகடை. பகடையில் 1 முதல் 3 வரை ஒன்றுமில்லை. 4, 5 வந்தால் ஒரு சேதம். 6 வந்தால் இரண்டு சேதம், அத்தோடு மறுபடி உருட்டல். அந்த மறு உருட்டலின் சேதம் கவசத்தைத் தாண்டி நேரே ஹல்லில் விழும். முதல்நிலை ஸ்க்ரீன் 4-ஐத் தடுக்கும். இரண்டாம் நிலை 4-ஐத் தடுப்பதோடு 6-இன் இரண்டு சேதத்தை ஒன்றாக்கும்.

நம் குரூசர் 14 அலகு தூரத்தில் சுட்டால் பீம்-3 இரண்டு பகடை, பீம்-2 இரண்டும் தலா ஒன்று: மொத்தம் 4. அதே கப்பல் 12 அலகுக்குள் வந்துவிட்டால் 3, 2, 2, 1: மொத்தம் 8. ஸ்க்ரீன் இல்லாத இலக்கில் ஒரு பகடைக்குச் சராசரி 0.8 சேதம். ஆக வெறும் இரண்டு அலகு வித்தியாசத்தில் 3.2 சேதம் 6.4 ஆகிறது. ஆணை எழுதும்போது மனதில் வைக்க வேண்டியது இந்த 12, 24, 36 கோடுகளைத்தான். எதிராளி அடுத்த சுற்றில் எங்கே இருப்பார் என்று ஊகித்து, அவருடைய கோட்டுக்குச் சற்று வெளியே, உங்கள் கோட்டுக்குள் நிற்கும் வேகத்தை எழுதுவதுதான் இந்த விளையாட்டின் உயிர்.

ஒரு ஹல் வரிசை முழுக்க அழிந்ததும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகப் பகடை: முதல் வரிசை போனால் 6-இல் பழுது, இரண்டாவது போனால் 5, 6, மூன்றாவது போனால் 4, 5, 6. நான்காவது போனால் கப்பலே போச்சு. எஞ்சின் முதல் அடியில் பாதியாகும், இரண்டாவதில் நிற்கும். இந்தச் சோதனையை யாரும் மறந்து தாண்டிவிடக் கூடாது. சுற்றின் முடிவில் நினைவுவந்து உருட்டினால், நடுவில் அந்தக் கப்பல் சுட்டதை எல்லாம் திரும்பப் பெற முடியாது. பழுதுபார்ப்பு சுற்றின் கடைசியில்: ஒரு குழு அனுப்பினால் 6, இரண்டு என்றால் 5, 6, மூன்றையும் ஒரே கருவிக்கு அனுப்பினால் 4, 5, 6.

இனிப் பெயர்

'பாரி சுடுகிறது, காரியை.' நான்கு பேர் பேசும் அறையில் இதைச் சொல்லிப் பாருங்கள். கடையெழு வள்ளல்கள் பெயரில் கப்பல் விடுவது அழகான எண்ணம்தான். ஆனால் பாரி, காரி, ஓரி மூன்றும் ஒரே ஓசை. காரியும் ஓரியும் உண்மையில் போரிட்டவர்கள், ஓரியைக் காரி கொன்றான். அந்தப் பகையை மேசைக்குக் கொண்டுவர ஆசை வரும். கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் வல்வில் ஓரி, மலையமான் என்று வையுங்கள். அதியன், பேகன், நள்ளி, ஆய் ஆகியவை குழப்பம் தருவதில்லை.

முதல் விதி இதுதான்: ஒரே படையில் இரண்டு பெயர் ஒரே எழுத்தில் தொடங்கக் கூடாது, ஒரே ஓசையில் முடியவும் கூடாது. எதிராளியின் பட்டியலையும் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் தாளில் வேறாகத் தெரிவது வாயில் ஒன்றாக ஒலிக்கும். ண, ன வேறுபாட்டை மட்டும் நம்பிய பெயர் மேசையில் உதவாது. நீளம் இரண்டு முதல் நான்கு எழுத்து. அதற்கு மேல் போனால் ஆட்களே சுருக்கிக் கூப்பிடுவார்கள், சுருக்கம் இன்னொன்றோடு மோதும்.

இரண்டாவது, பெயரைக் கேட்டதும் கப்பலின் வகை தெரிய வேண்டும். உண்மையான கடற்படைகள் இதற்கு நல்ல பாடம். ஜப்பானின் ஏகாதிபத்தியக் கடற்படையில் போர்க்கப்பலுக்கு மாகாணப் பெயர், கனரகக் குரூசருக்கு மலை, இலகு குரூசருக்கு ஆறு. மொகாமி வகுப்பு இலகு குரூசராகக் கட்டப்பட்டதால் ஆற்றுப் பெயர். பிறகு 8 அங்குலப் பீரங்கி ஏற்றிக் கனரகமாக்கிய பின்னும் பெயர் மாறவில்லை. விமானந்தாங்கி அகாகிக்கு மலைப் பெயர் இருப்பது, அது போர்க்குரூசராகத் தொடங்கி நடுவில் மாற்றப்பட்டதால். பெயரே கப்பலின் பழைய கதையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் படையிலும் ஆயுதம் மாற்றிக் கட்டிய கப்பலுக்குப் பழைய வகையின் பெயரையே விட்டுவையுங்கள். எதிராளி ஒருமுறை ஏமாறுவார், அடுத்த முறை கேட்பார்.

தமிழ்ப் பெயரில் படை கட்டுபவர்களுக்கு அடுக்குகள் நிறைய. பெருங்கப்பலுக்கு மலை: பொதிகை, கொல்லி, பறம்பு. குரூசருக்கு ஆறு: வைகை, பாலாறு, பொருநை (பாலாறும் பொருநையும் ஒரே எழுத்தில் தொடங்காததால் சேர்ந்தே ஓடலாம், ஆனால் பொருநையையும் பொதிகையையும் ஒரே படையில் விடாதீர்கள்). சரக்குக் கப்பலுக்கும் துணைக் கப்பலுக்கும் பழைய மரக்கலச் சொற்கள்: வங்கம், நாவாய், அம்பி, பஃறி. ஃபிரிகேட் என்ற சிறு போர்க்கப்பலுக்குக் காற்று வைக்கத் தோன்றும்: கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். சிக்கல் என்னவென்றால் காற்று நான்குதான். ஐந்தாவது ஃபிரிகேட் வாங்கிய அன்று சூறை, புயல் என்று தேட ஆரம்பிப்பீர்கள், அதோடு அடுக்கின் அழகு போய்விடும். வாங்கப்போகும் கப்பலின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு பெயர் உள்ள அடுக்கைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபைட்டர் குழுக்களுக்குப் பறவை பொருந்தும். இந்தியக் கடற்படையின் வான்தளங்களே அப்படித்தான்: கோவாவில் ஹன்சா, கொச்சியில் கருடா, அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து. ஒரு குழுவில் ஆறு ஃபைட்டர், ஒரு சுற்றில் 24 அலகு பறக்கும், 6 அலகுக்குள் வந்தால் தாக்கும். ஆறும் ஒரே பெயரில் போவதால் தனித்தனிப் பெயர் தேவையில்லை. அடித்தட்டில் பறவையின் பெயரும் மிச்சமுள்ள எண்ணிக்கைக்கு ஒரு சின்னப் பகடையும் போதும்.

வகுப்புப் பெயரில் ஒரு பொறி உண்டு. ஒரு வகுப்பின் முதல் கப்பல் பெயரே வகுப்புக்கும் வரும். 'வைகை வருது' என்றால் வைகை என்ற கப்பலா, வைகை வகுப்பில் ஏதோ ஒன்றா? எளிய தீர்வு: வகுப்பின் பெயர் கொண்ட கப்பலை மேசைக்கே கொண்டுவராதீர்கள். அது வேறெங்கோ காவலில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் பாலாறும் பொருநையும் மட்டும் ஓடட்டும். வடிவமைப்புத் தாளின் தலைப்பில் 'வைகை வகுப்பு' இருக்கட்டும்.

எச்எம்எஸ், யூஎஸ்எஸ், ஐஎன்எஸ் போன்ற முன்னொட்டை அடித்தட்டில் எழுத வேண்டாம். படையில் எல்லாவற்றுக்கும் அதே எழுத்து; அது இடத்தைத் தின்னும், எதையும் பிரித்துக் காட்டாது. சேதத் தாளில் முழுப் பெயர், அடித்தட்டில் பெயர் மட்டும், பக்கத்தில் இரண்டு இலக்க எண். அதே எண் தாளின் மூலையிலும்.

அடித்தட்டுச் சீட்டுக்குத் தமிழ் எழுத்தை 9 புள்ளிக்குக் கீழே இறக்காதீர்கள். மேல் சுழியும் கீழ்க்கொக்கியும் உள்ள எழுத்துகள் அதற்குக் கீழே அடைபட்டுப் போகும். ஓர் அடி தள்ளி நின்றால் ள-வும் ன-வும் ஒன்றாகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் தடித்த எழுத்தே வேண்டும். லேசர் பிரின்டில் எடுங்கள். இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும், மேலே நீர்சார்ந்த வார்னிஷ் தடவியதும் பெயர் வழிந்துவிடும். சீட்டை அடித்தட்டின் பின்விளிம்பில் ஒட்டுங்கள். ஆணை எழுதுபவர் பெரும்பாலும் தன் கப்பலின் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார்.

தொடர்ச்சியாகப் பல போர் ஆடும் குழு பெயர்ப் பதிவேடு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்: பெயர், வகுப்பு, எந்தப் போரில் என்ன ஆனது. மூழ்கிய கப்பலின் பெயரை உடனே புதுக் கப்பலுக்குத் தரலாமா என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். அமெரிக்கா தந்தது: 1942-இல் மிட்வேயில் யார்க்டவுன் மூழ்கியதும், போன் ஓம் ரிச்சர்ட் என்ற பெயரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த விமானந்தாங்கிக்கு யார்க்டவுன் என்று பெயர் மாற்றினார்கள். ஜெர்மனி எதிர்த்திசையில் யோசித்தது: டாய்ச்லாந்து என்ற கப்பல் மூழ்கினால் நாடே மூழ்கியதாகப் பேச்சு வரும் என்று, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களிலேயே அதை லூட்ஸோ ஆக்கிவிட்டார்கள். இரண்டையும் விதியாக்கலாம். பெயரை மீண்டும் தருவதென்றால் பதிவேட்டில் அடுத்த வரியில் அதே பெயரும் பக்கத்தில் '2' என்ற எண்ணும் எழுதுங்கள், பழைய சேதத் தாளைக் கிழித்துவிடுங்கள். பழைய தாள் கட்டுக்குள் கிடந்தால், செத்த கப்பலின் அடிகள் புதுக் கப்பலுக்கு வந்து சேரும்.